வீட்டு ஃபைபர் இணையம்: வேகமும் தடங்கலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“இணையம் சரியில்லை, கொஞ்சம் வந்து பாருங்கள்” என்று யார் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது, “எந்த இடத்தில் சரியில்லை?” என்றுதான். தெருவிலிருந்து வரும் கண்ணாடி இழை, சுவரில் மாட்டியிருக்கும் பெட்டி, அதிலிருந்து கிளம்பும் கேபிள், அறைகளுக்குள் பரவும் வைஃபை, எங்கோ தொலைவில் இருக்கும் வலைத்தளத்தின் சர்வர் என்று வழியில் ஐந்து கட்டங்கள் இருக்கின்றன. பழி எப்போதும் முதல் கட்டத்தின் மேல் விழுகிறது. என் அனுபவத்தில் கோளாறு அதிகம் அகப்படுவது கேபிளிலும் வைஃபையிலும். கீழே இருப்பவை என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் தொல்லை எதுவோ அதற்கு நேராகப் போகலாம்.

100 எம்பிபிஎஸ் இணைப்பு எடுத்திருக்கிறேன். கோப்பைப் பதிவிறக்கும்போது 11, 12 என்றுதான் காட்டுகிறது. மீதி எங்கே போனது?

எங்கேயும் போகவில்லை. இணைப்பை விற்கும்போது சொல்வது மெகாபிட் கணக்கு. பதிவிறக்கும்போது கணினி காட்டுவது மெகாபைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தது 1 பைட். 100ஐ எட்டால் வகுத்தால் 12.5. அனுப்பும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தின் மேலும் முகவரியும் இன்னபிற குறிப்புகளும் எழுத வேண்டியிருப்பதால் அதிலும் ஐந்தாறு விழுக்காடு கழிந்துவிடும். ஆக, 11.7 வந்தாலே முழு வேகம் வருகிறது என்று பொருள். அந்தக் கணக்கில் 1 ஜிபி கோப்பு இறங்க ஏறத்தாழ ஒன்றரை நிமிடம். ஆங்கிலத்தில் சிறிய ‘பி’ போட்டால் பிட், பெரிய ‘பி’ போட்டால் பைட். தமிழில் எழுதும்போது அந்தச் சிறு அடையாளமும் இல்லாமல் போய்விடுகிறது. குழம்புகிறவர்களைக் குறை சொல்ல முடியாது.

வேகத்தை எப்படிச் சரியாக அளப்பது?

படுக்கையில் சாய்ந்தபடி கைப்பேசியில் எடுக்கும் சோதனை உங்கள் வைஃபையைத்தான் அளக்கிறது. இணைப்பை அளக்க வேண்டுமானால் மடிக்கணினியை ரவுட்டரில் கேபிளால் நேரடியாக இணையுங்கள். மடிக்கணினியின் வைஃபையை அணையுங்கள். விபிஎன் ஓடினால் நிறுத்துங்கள். வீட்டில் வேறு யாரும் எதையும் இறக்காத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே தளத்தை நம்பவும் வேண்டாம். ஊக்லாவின் ஸ்பீடுடெஸ்ட் அருகில் இருக்கும் சர்வரைத் தேடிப்பிடித்து, ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து அளக்கிறது. அது காட்டுவது உங்கள் இணைப்பால் முடிந்த உச்சம். ஃபாஸ்ட்.காம் நெட்ஃபிளிக்ஸ் நடத்துவது. அந்நிறுவனத்தின் சர்வர்களிலிருந்து எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்க்கிறது. இரண்டும் வெகுவாக வேறுபட்டால், வீட்டுக்குள் குறையில்லை, சேவை நிறுவனத்திலிருந்து வெளியுலகுக்குப் போகும் பாதையில்தான் நெருக்கடி என்று ஊகிக்கலாம். விடியற்காலையில் ஒன்று, இரவு ஒன்பது மணிக்கு ஒன்று என மூன்று நான்கு நாள் அளந்து எழுதிவையுங்கள். ஒரே ஒரு முறை எடுத்த அளவை வைத்துக்கொண்டு யாரோடும் வாதாட முடியாது.

300 எம்பிபிஎஸ் இணைப்பு. கேபிளில் அளந்தும் 94க்கு மேல் ஒரு புள்ளிகூட ஏறவில்லையே?

இந்த 94 என்ற எண்ணைக் கேட்டாலே எனக்கு நிம்மதி. விடை அதிலேயே இருக்கிறது.

ஈதர்நெட் கேபிளுக்குள் எட்டுச் செம்புக் கம்பிகள், நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும்; 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு, நான்கு ஜோடியும் வேண்டும். எட்டில் ஒன்று அறுந்தால் இரு முனைக் கருவிகளும் முயன்று பார்த்துவிட்டு, பெரும்பாலும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிக்கொள்ளும். இணைப்பு நிற்காது, எச்சரிக்கையும் வராது. அந்த 100இல் பொட்டலச் செலவு போக மிஞ்சுவதுதான் 94.

என் வீட்டிலேயே இது மாதக்கணக்கில் நடந்தது. சேவை நிறுவனத்தோடு இரண்டு முறை சண்டையும் போட்டுவிட்டேன். ஒரு நாள் கேபிள் முனையை மேஜை விளக்கின் அடியில் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். ஒளிபுகும் பிளாஸ்டிக் பிளக்குக்குள் ஏழு கம்பிகள் தங்கநிறத் தகடுகளின் அடி வரை வந்திருந்தன. எட்டாவது, பழுப்பு நிறக் கம்பி, ஒரு அரிசி மணி அகலம் முன்னதாகவே நின்றுவிட்டிருந்தது. அந்தப் பிளக்கைக் கிரிம்ப் செய்தவன், அதாவது கம்பிகளின் மேல் அழுத்திப் பொருத்தியவன், நான்தான். வேறு கேபிள் செருகியதும் 280ஐத் தாண்டியது. சண்டை போட்ட இரண்டு முறைக்கும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

கேபிள் நன்றாக இருந்தால் அடுத்து கருவியின் துளையைப் பாருங்கள். பழைய ரவுட்டர்களில் ஈதர்நெட் துளைகள் 100 எம்பிபிஎஸ் மட்டுமே தருபவை. பல தொலைக்காட்சிகளிலும் அப்படித்தான். விலை உயர்ந்த தொலைக்காட்சியில்கூடக் கேபிளைவிட 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமாக இருப்பதைப் பார்த்துப் பலர் திகைப்பதற்குக் காரணம் இதுதான். வாங்குவதானால் கேட் 5இ அல்லது கேட் 6 கேபிள் போதும். 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் தாங்கும்.

ரவுட்டர் பக்கத்தில் பறக்கிறது, உள்ளறையில் ஊர்கிறது. இணைப்பை உயர்த்தினால் சரியாகுமா?

ஆகாது. உள்ளறைக்கு எட்டாதது ரேடியோ அலை. 100ஐ 500 ஆக்கினாலும் ரவுட்டர் இருக்கும் அறையில்தான் அந்த 500ஐப் பார்ப்பீர்கள்.

வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் ஓடுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டி வெகுதூரம் போகும். ஆனால் அதில் ஒன்றையொன்று மிதிக்காத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். அக்கம்பக்கத்து ரவுட்டர்கள், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே இடத்தில் கூடி நின்று சத்தம் போடுகின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், வேகமும் அதிகம். சுவரைக் கண்டால்தான் சோர்ந்துபோகும். கான்கிரீட், இரும்பு அலமாரி, நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி நான்கும் கெட்ட எதிரிகள். நிலைக்கண்ணாடியின் பின்புறம் பூசிய உலோகப் பூச்சு அலையை அப்படியே திருப்பி அனுப்பிவிடும்.

அதனால் முதல் வைத்தியம் செலவில்லாதது: பெட்டியை இடம் மாற்றுங்கள். ஃபைபர் நுழைகிற மூலை எதுவோ அங்கேயே, பெரும்பாலும் தொலைக்காட்சிக்குப் பின்னால், பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். வீட்டின் நடுப்பகுதிக்கு, நெஞ்சு உயரத்துக்கு மேல், திறந்த இடத்துக்குக் கொண்டுவந்தால் பாதிப் புகார்கள் அடங்கிவிடும். ஃபைபர் பெட்டியை நகர்த்த முடியாதென்றால் அது அங்கேயே இருக்கட்டும். ஒரு கேபிள் இழுத்து வேறு ரவுட்டரை நடுவில் வையுங்கள். இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்து கைப்பேசி பிடிவாதமாக 2.4இலேயே ஒட்டிக்கொண்டால், பெயரைப் பிரித்து வைத்துப் பாருங்கள்.

இன்னொரு மயக்கமும் உண்டு. கைப்பேசி ‘இணைப்பு வேகம் 866’ என்று காட்டும். அது அலையின் ஏட்டுக் கணக்கு. வைஃபையில் ஒரே சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். அந்த 866இல் கைக்கு வருவது, அதுவும் பெட்டிக்கு அருகில், 500, 600தான். தூரத்து அறையில் பலவீனமான சிக்னலோடு ஒரு பழைய கருவி மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தால், அது முடிக்கும்வரை வேகமான கருவிகளும் கைகட்டி நிற்கும்.

5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் திடீரென்று மறைந்து ஓரிரு நிமிடத்தில் திரும்பி வருகிறதா? அதன் சில சேனல்கள் ரேடார்களோடு பகிர்ந்துகொள்ளப்படுபவை. ரேடார் துடிப்பு தென்பட்டால் ரவுட்டர் உடனே விலகியாக வேண்டும் என்பது விதி. சேனலைத் தானியங்கியில் விடாமல் 36இலிருந்து 48க்குள் வைத்தால் இந்தத் தொல்லை இராது.

ரிப்பீட்டர் வாங்கலாமா, மெஷ் வாங்கலாமா?

கேபிள் இழுக்க வழியிருந்தால் இரண்டுக்கும் முன்னால் அதைச் செய்யுங்கள். சாதாரண ரிப்பீட்டர் கேட்டதையே அதே சேனலில் திருப்பிச் சொல்கிறது. ஒரு செய்திக்கு இரண்டு முறை காற்றைப் பிடித்துக்கொள்வதால் வேகம் பாதியாகிறது. அதை இருட்டு அறையிலேயே வைத்தால் பாதியும் கிடைக்காது. சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் நடுவழியில் வைக்க வேண்டும். மெஷ் பெட்டிகள் தங்களுக்குள் பேச நல்ல பாதையைத் தேர்ந்துகொள்ளும், நீங்கள் நடக்கும்போது கைப்பேசியை அடுத்த பெட்டிக்கு மாற்றிவிடவும் முயலும். அந்தப் பெட்டிகளைக் கேபிளால் இணைத்தால் மெஷ் அருமை. இணைக்காவிட்டால் அது படித்த ரிப்பீட்டர், அவ்வளவே.

ஆன்டெனா அதிகமிருந்தால் தூரம் அதிகம் போகுமா?

போகாது. அனுப்பும் திறனுக்குச் சட்டப்படி உச்சவரம்பு உண்டு, அது ஆன்டெனா எண்ணிக்கையைப் பார்த்து ஏறுவதில்லை. மேலும் ரவுட்டர் எவ்வளவு கத்தினாலும், சின்னக் கைப்பேசி பதில் சொல்வது அதன் காதில் விழ வேண்டுமே.

பெட்டியில் ‘எல்ஓஎஸ்’ என்ற விளக்கு சிவப்பாக எரிகிறது. என்ன செய்வது?

இது உண்மையிலேயே ஃபைபர் கோளாறு. பெட்டிக்கு வெளிச்சம் வந்து சேரவில்லை என்று பொருள். ரவுட்டர் அமைப்புகளை மாற்றுவதால், கடவுச்சொல்லை மாற்றுவதால் ஒரு பயனும் இல்லை.

ஒளி ஓடும் கண்ணாடிக் கருவின் விட்டம் சுமார் 9 மைக்ரோமீட்டர், தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. அதன் வாயில் ஒரு தூசி உட்கார்ந்தால் கதவடைத்த மாதிரிதான். பெட்டியில் செருகியிருக்கும் பச்சை நிறக் கனெக்டர் முழுவதுமாக உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியைத் துடைக்கும்போது லேசாக வெளியே வந்திருக்கும். பச்சை நிறம் அழகுக்காக இல்லை. அதன் முனை 8 டிகிரி சாய்த்துத் தீட்டப்பட்டது. நீல நிற நேர்முனைக் கனெக்டரோடு அதைச் சேர்த்தால் ஒளி பெருமளவு வீணாகும். கனெக்டரைக் கழற்றினால் முனையை விரலால் தொடாதீர்கள், சட்டைத் துணியால் துடைக்காதீர்கள், முக்கியமாகக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள். வருவது 1490 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர். கண்ணுக்குத் தெரியாது என்பதாலேயே ஆபத்து.

அடுத்து ஃபைபர் போகும் வழியைக் கண்ணால் தொடருங்கள். கதவு இடுக்கு, அலமாரியின் கால், ஜன்னல் சட்டம், சுவரோடு அறைந்த கிளிப், எலி. எங்கே கூர்மையாக வளைந்திருக்கிறதோ அங்கே ஒளி கண்ணாடியை விட்டு வெளியே கசிந்துவிடும். வீட்டுக்குள் இழுப்பதற்கென்றே வந்த ஜி.657 வகை இழையை 7.5 அல்லது 10 மில்லிமீட்டர் ஆரத்துக்கு வளைக்கலாம், பழைய ஜி.652 வகைக்கு 30 மில்லிமீட்டர் வேண்டும். தொழில்நுட்பப் பணியாளர் பேனா மாதிரி ஒரு சிவப்பு லேசரைச் செருகுவார். விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால், கேபிள் போகும் வழியில் எந்த இடத்தில் இழை நொறுங்கியிருக்கிறதோ அந்த இடம் மட்டும் மெல்லிய உறையைத் தாண்டிச் சிவப்பாக ஒளிரும். நான் பார்த்த ஒரு வீட்டில் அது ஒளிர்ந்தது ஒரு கட்டிலின் காலுக்கு அடியில். முதல் நாள்தான் கட்டிலை இடம் மாற்றியிருந்தார்கள்.

விளக்கு பச்சைதான். ஆனாலும் ஒளி பலவீனமாக இருக்கிறது என்கிறார்கள். அதை நானே பார்க்க முடியுமா?

முடியும். பெரும்பாலான பெட்டிகளின் அமைப்புப் பக்கத்தில் ‘பெறும் ஒளித்திறன்’ என்ற பொருளில் ஒரு எண் இருக்கும். அலகு டிபிஎம், எண் எப்போதும் மைனஸில். ஜிபான் என்பது ஒரே இழையைப் பல வீடுகள் பகிரும் ஃபைபர் முறை. பரவலாகப் புழங்கும் ஜிபான் பெட்டிகள் மைனஸ் 8 முதல் மைனஸ் 27 வரை வேலை செய்யும்படி வரையறுக்கப்பட்டவை. மைனஸ் 20 என்றால் வந்து சேரும் ஒளி ஒரு வாட்டில் லட்சத்தில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய மினுக்கலில்தான் மொத்த வீடும் இயங்குகிறது.

3 குறைந்தால் ஒளி பாதியாகும், 10 குறைந்தால் பத்தில் ஒன்றாகும். மைனஸ் 18, 20 என்று இருந்தால் கவலை வேண்டாம். மைனஸ் 26ஐத் தொட்டால் இன்று ஓடும், நாளை வெயிலிலோ மழையிலோ ஒரு இணைப்பு முனை சற்று அசைந்தால் விழும். இந்த எண் குறைவதால் வேகம் படிப்படியாகக் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். எல்லைக்குள் இருக்கும்வரை மைனஸ் 15க்கும் மைனஸ் 24க்கும் வேகத்தில் வித்தியாசம் இராது. எல்லையைத் தொடும்போதுதான் பிழைகள் பெருகி இணைப்பு விட்டு விட்டு வரும்.

‘பான்’ விளக்கு மினுங்கிக்கொண்டே இருக்கிறது, நிற்கவில்லை.

ஒளி வருகிறது, ஆனால் எதிர்முனையில் இருக்கும் நிறுவனத்தின் கருவி உங்கள் பெட்டியை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. பெட்டியைப் புதிதாக மாற்றியிருந்தால் அதன் வரிசை எண்ணை நிறுவனம் பதிவு செய்திருக்காது. தொலைபேசியில் சொன்னால் சில நிமிடத்தில் முடியும் வேலை.

அரிதாக வேறொரு காரணமும் உண்டு. ஒரே இழையை ஒளிபிரிப்பான் வழியாக 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. மேல்நோக்கி அனுப்பும்போது ஒவ்வொரு பெட்டிக்கும் நேரம் ஒதுக்கப்பட்டிருக்கும். தன் முறை வரும்போது மட்டும் லேசரை எரிய விட வேண்டும். ஏதோ ஒரு வீட்டின் பெட்டி கெட்டு, லேசரை அணைக்காமல் எரிய விட்டால், அந்தக் கிளையில் யாருக்குமே பேச்சு எழாது. உங்கள் வீட்டில் எதை மாற்றினாலும் தீராத நோய் இது. பக்கத்து வீடுகளிலும் இதே கதை என்றால் புகாரில் அதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

எல்லா விளக்கும் பச்சை. எதுவும் திறக்கவில்லை.

கட்டணம் கட்டியாயிற்றா என்று முதலில் பாருங்கள். சிரிக்க வேண்டாம், அனுபவத்தில் சொல்கிறேன்.

பிறகு கணினியில் கட்டளைத் திரையைத் திறந்து மூன்று பிங். பிங் என்பது ‘இருக்கிறாயா?’ என்று கேட்டு, பதில் வர எத்தனை மில்லிநொடி ஆகிறது என்று காட்டும் கட்டளை. முதலில் ரவுட்டருக்கு, பொதுவாக 192.168.1.1 அல்லது 192.168.0.1. பதில் இல்லையென்றால் சிக்கல் உங்களுக்கும் ரவுட்டருக்கும் இடையில். கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் அதற்கு முகவரியே கொடுக்கவில்லை. அடுத்தது, வெளியே இணையத்தில் இருக்கும் 1.1.1.1 என்ற முகவரிக்கு. ரவுட்டர் பதில் தந்து இது தராவிட்டால் வெளி இணைப்பு அறுந்திருக்கிறது. பயனர்பெயர், கடவுச்சொல் கேட்கும் இணைப்பாக இருந்தால் அது மீட்டமைப்பில் அழிந்திருக்கலாம். மூன்றாவது ஏதாவதொரு வலைத்தளத்தின் பெயருக்கு. எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால் டிஎன்எஸ் கோளாறு, அதாவது முகவரிப் புத்தகம் தொலைந்துவிட்டது. ரவுட்டரில் டிஎன்எஸ்ஸை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றினால் அந்த நிமிடமே திறக்கும். டிஎன்எஸ் மாற்றினால் பதிவிறக்க வேகம் கூடும் என்று சொல்லப்படுவதை மட்டும் நம்ப வேண்டாம். பக்கம் திறக்கத் தொடங்குவது சற்று விரைவாகலாம், வேறொன்றும் இல்லை.

சில தளங்கள் மட்டும் பாதியில் நிற்கின்றன, மற்றவை ஒழுங்காகத் திறக்கின்றன.

பிபிபிஓஇ என்ற முறையில் உள்நுழையும் இணைப்புகளில் ஒவ்வொரு பொட்டலத்திலும் 8 பைட் கூடுதல் தலைப்புக்குப் போய்விடும். ஆகவே 1500 பைட் போக வேண்டிய இடத்தில் 1492தான் போகும். ரவுட்டரில் எம்டியு, அதாவது ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு, 1500 என்று இருந்தால், பெரிய பொட்டலங்கள் வழியில் தொலையும், சிறியவை தப்பிக்கும். அதனால்தான் பக்கம் பாதி வந்து நிற்கிறது. 1492 ஆக்குங்கள். அதிலும் தீராவிட்டால் சிறிது நேரம் ஐபிவி6 என்ற புதிய இணைய முகவரி முறையை அணைத்துப் பாருங்கள். சரியாகிவிட்டால் நிறுவனத்தின் ஐபிவி6 பாதையில் பழுது. அதை அவர்களிடம் சொல்லிவிட்டு, அவர்கள் சரிசெய்ததும் மறக்காமல் மீண்டும் இயக்குங்கள்.

இரவானால் வேகம் குறைகிறது. பக்கத்து வீட்டார் இழுத்துவிடுகிறார்களா?

இருக்கலாம். ஜிபானில் ஒரு கிளைக்குக் கீழ்நோக்கி 2.488 ஜிபிபிஎஸ், மேல்நோக்கி 1.244. 32 வீடுகளும் ஒரே நொடியில் முழு மூச்சாக இறக்கினால் தலைக்கு 77 எம்பிபிஎஸ் வரும். நடைமுறையில் அப்படி நேர்வது அபூர்வம். நெருக்கடி பெரும்பாலும் அதற்கு மேல், நிறுவனம் வெளியே வாங்கிவைத்திருக்கும் பாதையில் வருகிறது. ஆனால் தீர்ப்புச் சொல்வதற்கு முன் ஒன்று: இரவில் அக்கம்பக்கத்து வைஃபைகளும் உச்சத்தில் இருக்கின்றன. கேபிளில் அளந்தும் இரவில் குறைந்தால் நிறுவனத்தைக் கேளுங்கள். கேபிளில் சரியாக இருந்து கைப்பேசியில் குறைந்தால் சேனலை மாற்றுங்கள்.

வேகச் சோதனையில் முழு வேகம் காட்டுகிறது. காணொலி அழைப்பு மட்டும் திக்கித் திணறுகிறது. எப்படி?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, ஏனென்றால் இதைத்தான் எல்லோரும் தவறாகத் தீர்க்கிறார்கள். பெரிய இணைப்பு வாங்குகிறார்கள், தொல்லை தொடர்கிறது.

ஒரு டிக்கெட் கவுண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டியது ஒரே டிக்கெட். முன்னால் நிற்பவர் நூறு டிக்கெட் எடுக்கிறார். கவுண்டர் நிமிடத்துக்கு எத்தனை டிக்கெட் கொடுக்கிறது என்பது வேகம்; உங்கள் ஒரு டிக்கெட் கைக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பது தாமதம். காணொலி அழைப்புக்கு வேகம் கொஞ்சம் போதும், தாமதம்தான் கொல்லும். வீட்டில் யாரோ ஒருவரின் கைப்பேசி படங்களை மேகச் சேமிப்புக்கு ஏற்றத் தொடங்குகிறது. ரவுட்டர் அந்தப் பொட்டலங்களை எறியாமல் நீண்ட வரிசையாக அடுக்கிக்கொள்கிறது. உங்கள் குரல் அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது.

சோதிப்பது எளிது. 1.1.1.1க்குப் பிங் ஓடவிட்டு, இன்னொரு பக்கம் ஒரு பெரிய கோப்பைப் பதிவேற்றுங்கள். 10, 12 மில்லிநொடியில் நிதானமாக வந்துகொண்டிருந்த எண்கள் 90, 180, 350 என்று ஏறுவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். பதிவேற்றத்தை நிறுத்தியதும் மீண்டும் 12. இதற்கு ‘பஃபர்புளோட்’ என்று பெயர். கணினி நிரலாளர் ஜிம் கெட்டிஸ் இதைப் பெயரிட்டுப் பரவலாக எடுத்துச் சொன்னார். 2012இல் வலையமைப்பு ஆய்வாளர்கள் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் ‘கோடெல்’ என்ற வரிசை மேலாண்மை முறையை வெளியிட்டார்கள். அதன் வழிவந்த ‘எஃப்க்யூ-கோடெல்’ 2018இல் ஆர்எஃப்சி 8290 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வந்தது. உங்கள் ரவுட்டரில் எஸ்க்யூஎம் என்ற வரிசை மேலாண்மை வசதி இருந்தால் அதை இயக்கி, அளந்த வேகத்தில் 90 விழுக்காட்டை உச்சவரம்பாகக் கொடுங்கள். பத்து விழுக்காடு வேகத்தை விட்டுக்கொடுத்தால் வரிசை ரவுட்டரின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடும். வசதி இல்லாத ரவுட்டர் என்றால், கூட்டம் நடக்கும் நேரத்தில் தானியங்கிப் பதிவேற்றங்களை நிறுத்திவைப்பதுதான் வழி.

விளையாட்டில் பிங் குறைய எவ்வளவு வேக இணைப்பு வேண்டும்?

வேகத்தால் பிங் குறையாது. கண்ணாடிக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. வெற்றிடத்தில் ஓடுவதில் மூன்றில் இரண்டு பங்கு. சர்வர் 5,000 கிலோமீட்டர் தள்ளியிருந்தால் போய்வர 50 மில்லிநொடி. அதற்குக் கீழே எந்தப் பணமும் இறக்காது. அருகிலுள்ள சர்வரைத் தேர்ந்தெடுங்கள், கேபிளில் விளையாடுங்கள்.

வீட்டில் வைத்த கேமராவை வெளியிலிருந்து பார்க்க முடியவில்லை. வெளியிலிருந்து வருவதை ரவுட்டர் கேமராவுக்குத் திருப்பிவிடும்படி போர்ட் ஃபார்வர்டிங் செய்தும் பலனில்லை.

ரவுட்டரின் வெளி முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிர்கின்றன. வாசற்கதவைத் திறந்துவைத்தாலும் தெருமுனைக் கதவு மூடியிருக்கிறது. நிறுவனத்திடம் பொது ஐபி கேளுங்கள், அல்லது ஐபிவி6 வழியாகவோ, கேமரா நிறுவனத்தின் மேகச் சேவை வழியாகவோ பாருங்கள்.

அணைத்துப் போட்டால் சரியாகிறது. தினமும் இதே வேலையாக இருக்கிறது.

எப்போதாவது என்றால் பரவாயில்லை. நினைவகம் நிரம்பியிருக்கும், அணைத்துப் போட்டதும் காலியாகும். தினமும் என்றால் மின் அடாப்டரைச் சந்தேகியுங்கள். வெளியே எழுதியிருப்பது 12 வோல்ட் 1 ஆம்பியர் என்றாலும், மூன்று நான்கு ஆண்டு வெம்மையில் கிடந்த அடாப்டர் அந்த மின்னோட்டத்தைத் தாங்காது. விளக்குகள் எல்லாம் எரியும், பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்போது பெட்டி தானாக மீண்டும் தொடங்கும். அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் ஆம்பியர், அதே முனை உள்ள அடாப்டரை மாற்றிப் பாருங்கள். பெட்டியின் மேல் துணி போர்த்தியிருந்தால் எடுத்துவிடுங்கள்.

மின்சாரம் போனால் இணையமும் போய்விடுமா?

வழியில் இருக்கும் ஒளிபிரிப்பானுக்கு மின்சாரமே தேவையில்லை. உங்கள் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் மட்டும் சிறு பேட்டரி கொடுத்தால், நிறுவனத்தின் நிலையம் இயங்கும்வரை இணையம் இருக்கும்.

உண்மையில் எவ்வளவு வேகம் தேவை?

பலர் நினைப்பதைவிடக் குறைவு. நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்குப் பரிந்துரைப்பது 15 எம்பிபிஎஸ், முழு எச்டிக்கு 5. காணொலி அழைப்புக்கு மூன்று நான்கு போதும். நான்கு பேர் ஆளுக்கொரு 4கே படம் பார்த்தாலும் 60தான். தினமும் பல ஜிபி கோப்புகளை ஏற்றி இறக்குபவர்களைத் தவிர மற்றவர்களுக்கு 100 தாராளம். மிச்சமாகும் காசில் நல்ல ரவுட்டர் வாங்குங்கள் என்பேன்.

புகார் கொடுக்கும்போது என்ன சொன்னால் வேலை நடக்கும்?

“மெதுவாக இருக்கிறது” என்றால் “அணைத்துப் போடுங்கள்” என்றுதான் பதில் வரும். கேபிளில் இணைத்த கணினியில், இன்ன தேதி, இன்ன நேரம், இவ்வளவு வந்தது. பான் விளக்கு நிலையாக எரிகிறது. பெறும் ஒளித்திறன் மைனஸ் 26. ரவுட்டருக்குப் பிங் இழப்பில்லை, 1.1.1.1க்கு நூறில் எட்டு இழப்பு. இப்படிச் சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் தன் திரையில் இருக்கும் கேள்விப் பட்டியலை விட்டுவிட்டு உங்களோடு பேசத் தொடங்குவார். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பணியாளர் வந்து சரிசெய்தால், அவர் கிளம்பும் முன் மீட்டரில் என்ன எண் காட்டியது என்று கேட்டு, தேதியோடு ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள். என் பெட்டியில் இப்போது அப்படி மூன்று சீட்டுகள் இருக்கின்றன: மைனஸ் 19, மைனஸ் 19, மைனஸ் 23.